இடது பின்கால்

நான் முதலில் பார்த்தது மானை அல்ல, கறுப்புத் திரையில் நடந்துபோன வெள்ளைப் புள்ளிகளை. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, முற்பகல். ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் கிளைச்சாலையில், முன்பு அட்டைப்பெட்டி செய்துகொண்டிருந்த ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் ஸ்டுடியோ இருந்தது. வெளியே பனி முழுதாக விலகவில்லை. உள்ளே விளக்குச் சூட்டில் எல்லோருக்கும் வியர்த்தது. கணினித் திரையில் புள்ளிகள் இடமிருந்து வலமாகப் போயின. மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு, குதிகால் என்று ஒரு பெண்ணின் உடம்பில் ஒட்டியிருந்த சிறு உருண்டைகளைக் கேமராக்கள் பிடித்துத் திரையில் புள்ளிகளாகக் காட்டின. அவற்றுக்கு நடுவே உடம்பு இல்லை, முகம் இல்லை, சீருடை இல்லை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை இல்லை. நடை மட்டும் இருந்தது. நான்கு கால்களில் நடக்கும் ஏதோ ஒன்று தலையைத் தாழ்த்தி, நின்று, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி நடந்தது. அதன் இடது பின்கால் மட்டும் மற்ற மூன்றையும்விடச் சற்றுத் தாமதமாகத் தரையைத் தொட்டது. அந்தத் தாமதம் எனக்குத் தெரியும். ஆடி மாதத்திலிருந்து அதற்குப் பக்கத்திலேயே நடந்தவள் நான்.

அந்த நடைக்கு உரியவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இரத்த உறவு இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் பெண்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். எங்களில் வயதில் மூத்தவள் அவள். சொந்த ஊர் சாயல்குடிப் பக்கம். கணவன் இறந்தபிறகு, சின்ன வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். நான் விருத்தாசலத்துக்காரி, பி.ஏ. வரலாறு படித்துவிட்டு, கார்களுக்கான வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து இடத்தில் நின்றேன். இருவருமே ஒப்பந்தத் தொழிலாளிகள். பெருவெள்ளம் வந்த கார்த்திகையில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட, வீட்டுக்கார அம்மா குடும்பத்தோடு எங்கள் அறைக்கு ஏறி வந்தார். மின்சாரம் இல்லை. அவருடைய சின்ன மகன் பயந்து அழுதுகொண்டே இருந்தான். அவனைச் சிரிக்க வைப்பதற்காக அக்கா கையையும் காலையும் தரையில் ஊன்றி, பாயை முகர்ந்து, தலையைச் சிலுப்பி ஓர் ஆடானாள். அந்த வித்தையை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. பையன் அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான்.

"இன்னாமே இது! அப்டியே ஆடு மாரியே கீது. நாளிக்கு உன்னாண்ட பால் கறந்துக்கலாம் போல" என்றார் வீட்டுக்கார அம்மா.

"கறந்துக்கங்க. வாடகையில கழிச்சிருங்க" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமலே.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில், காயும் சீருடைகளுக்கு நடுவே, அவளிடம் ஒவ்வொரு விலங்காகக் கேட்டு வாங்கினோம். பூனை, தெருநாய், கிழட்டு எருமை. மான் மட்டும் வராது என்றாள்; பார்த்ததில்லையாம். மறு தையில் காணும் பொங்கலன்று வண்டலூர் போனோம். கூட்டம் சிங்கத்தைத் தேடி ஓட, அக்கா மான்கள் இருந்த வேலியைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை நின்றாள். பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள்: "ஆடு முன்னால பாத்து நடக்கும்டி. மானு பின்னால கேட்டுக்கிட்டே நடக்குது. அதுக்கு நடக்குறதே ஒரு பயந்தான்." நான்கு கால் விலங்கு நடக்கும்போது எந்தக் கால் எப்போது தரையில் படும் என்பதை மனிதர்கள் வெகுகாலம் தவறாகவே வரைந்துவந்தார்கள் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன். "அதுக்கு ஒரு நா வேலியப் புடிச்சிக்கிட்டு நின்னாப் போதுமே" என்றாள்.

ஆடியில் அவளுக்குக் காலில் அடிபட்டது. இரண்டாம் ஷிப்ட் முடியும் நேரம். வயர் உருளைகளை ஏற்றிய ட்ராலி ஒன்று சரிவில் தானாக நகர ஆரம்பித்தது. எதிரே, கொட்டிப்போன கிளிப்புகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவள் நான். முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை. திரும்பியபோது ட்ராலி நின்றிருந்தது. அதன் சக்கரத்துக்கு முன்னால் அக்காவின் இடது கால் இருந்தது. அவள் முகத்தில் வியர்வை மட்டும் பொட்டுப்பொட்டாக நின்றது. "வாயத் தொறக்காத" என்றாள். ஷூவைக் கழற்றாமலே ஷிப்டை முடித்து, பஸ் ஏறி, அறைக்கு வந்த பிறகுதான் காலைப் பார்க்க விட்டாள்.

மருத்துவ அறைக்குப் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம் எங்கள் எல்லோருக்குமே தெரிந்ததுதான். ஒப்பந்தத் தொழிலாளிகளில் சிலரை நிரந்தரம் செய்யப்போவதாகப் பேச்சு இருந்தது. அக்காவின் பெயர் அதில் வரும் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. காலில் குறை உள்ளவளை யாரும் நிரந்தரம் செய்யமாட்டார்கள். நிரந்தரம் ஆனால் தனி வீடு பார்த்து மகளை அழைத்துக்கொள்ளலாம் என்பதே அவள் இங்கே வந்து நின்றதன் ஒரே அர்த்தம். காய்ச்சல் என்று விடுப்புச் சொல்லிவிட்டு, கட்டுப் போடுகிறவரிடம் போய் வந்தாள். எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை.

திரும்ப வேலைக்கு வந்தவள் நடையை மறைக்கக் கற்றுக்கொண்டாள். ஷிப்ட் மாறும் நெரிசலில் மட்டுமே தொழிற்சாலை கேட்டைத் தாண்டுவாள். சாப்பாட்டுப் பையை இடது கையில் தொங்கவிட்டு, சாய்வு பையின் கனத்தால் வருவதுபோல் காட்டுவாள். அவளுடைய இடப்பக்கம் தோளோடு தோள் உரச நான் நடப்பேன். யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. உள்ளே போய் எங்கள் வேலை லைனில் நின்றதும்தான் இருவரும் மூச்சு விடுவோம். எனக்காக வந்த ஊனத்தை மறைப்பதற்கு நான் துணை நடந்தேன். அதை உதவி என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் தொழிற்சாலையை விட்டேன், ஒளிக்காட்சிகள் செய்யும் அந்த ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. எதையும் நாள், நேரத்தோடு எழுதிவைக்கிற என் பழக்கத்தைப் பார்த்து, பதிவுகளை ஒழுங்குசெய்யும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அறை மட்டும் அதேதான். ஸ்டுடியோ அப்போது ஒரு பெரிய வேலையை எடுத்திருந்தது. வல்லம் வடகால் பக்கம் ஒரு தனியார் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த கூடத்துக்குள், நான்கு சுவரும் தரையும் சேர்ந்து ஓர் ஏரிக்கரையாக வேண்டும். ஓவியம் தீட்டி அல்ல. உச்சியிலிருந்து விழும் ஒளியால். கால் வைத்தால் தண்ணீர் கலங்கி மீன்கள் விலக வேண்டும், கைதட்டினால் நாரைகள் எழும்ப வேண்டும், அந்தக் கரையோரமாக ஆளைவிட நாலு மடங்கு உயரத்தில் ஒரு பெண்மான் அந்தியிலிருந்து விடியல்வரை நடக்க வேண்டும். மற்ற எல்லாம் கூடிவந்தன, மான் வரவில்லை. சென்னையிலிருந்து நடனக்காரர்களை அழைத்து நடக்கவைத்தார்கள். அழகாக இருந்தது. ஆனால் பார்ப்பவர்களுக்காக நடக்கும் மானாக இருந்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது நான் எங்கள் அறையின் அக்காவைப் பற்றிச் சொன்னேன். "கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்" என்றார் ஸ்டுடியோ இயக்குநர்.

அப்படித்தான் அந்த மார்கழி ஞாயிறு வந்தது. இரண்டு கைகளிலும் முட்டுக்கொடுக்கக் குட்டையான கட்டைகள், உடம்பை ஒட்டிய கறுப்பு உடை. "நீச்சல்காரி மாதிரி ஆக்கிட்டீகளே" என்று கூசிக்கொண்டே வந்தவள், கட்டைகளை ஊன்றி இரண்டடி வைத்ததும் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இரண்டு காலில் நடக்கும்போது பையும் தோளும் கூட்டமும் மறைத்ததை நான்கு காலில் மறைக்க இடமில்லை. அவள் மறந்தும் போயிருந்தாள். வண்டலூர் வேலிக்குள் பார்த்ததை அப்படியே நடந்துகொண்டிருந்தாள். முடித்து, தண்ணீர் குடித்தபடி திரைக்கு முன்னால் வந்து புள்ளிகளைப் பார்த்தவுடன் அவள் கை நின்றது.

"அந்த லெஃப்ட் கால்" என்றார் இயக்குநர். "வேணும்னே பண்றீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எங்கள் ஸ்டுடியோவில் சில்லறை வேலைகளுக்கு வருகிறவர்களில் தொழிற்சாலை ஆட்கள் அதிகம். ஒரு வார்த்தை எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

"ஆமா சார். அடிபட்ட மானு."

"எப்படி அடிபட்டுது?"

"குட்டி குறுக்க நின்னுச்சு. அது பாக்கல. தள்ளிவிடப் போயி, இதுக்குப் பட்டுருச்சு." இதைச் சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இதாங்க கதை! இவ்ளோ நாளா இதத்தான் தேடிக்கினு இருந்தோம்." அன்று மாலைக்குள் கூடத்தின் கதையே மாறிவிட்டது. காலில் அடிபட்ட தாய்மான் குட்டியைத் தேடி ஏரியைச் சுற்றி வருகிறது, விடியும்போது கண்டுபிடிக்கிறது. அது நடிப்பல்ல என்று நான் சொல்லவில்லை. அக்கா சொல்ல விட்டிருக்கவும் மாட்டாள். ஆனால் அதற்கப்புறம் பல மாதங்கள் அந்தப் புள்ளிகளுக்கு எலும்பும் தோலும் மயிரும் ஏறி மானாவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பார்க்கப் பார்க்க எனக்குப் பிடித்துப்போனது. அந்தக் கால் தரையைத் தொடத் தாமதிக்கும் இடத்தில் மான் ஏதோ யோசிப்பதுபோல் இருக்கும். அந்த யோசனைக்காகவே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். நான் காரணமாக உடைந்த எலும்பு எனக்கு அழகாகத் தெரிந்தது.

கூடம் மறு ஆவணியில் திறந்தது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் விட்டார்கள். எங்கள் பழைய லைன் ஆட்கள் வந்த அன்று நான் வாசலிலேயே நின்றிருந்தேன். தருமபுரிப் பெண்கள், திருவண்ணாமலைப் பெண்கள், மனைவி குழந்தையோடு சூப்பர்வைசர், கூட்டத்துக்கு நடுவில் பையை இடது கையில் பிடித்தபடி அக்கா. கதவு சாத்தியதும் இருட்டு. பிறகு அந்தி வெளிச்சம் சுவர்களில் ஊறி, காலடியில் தண்ணீர் பரவியது. பெண்கள் கூவிக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்தார்கள். தண்ணீர் இல்லை என்று தெரிந்தும் எடுத்தார்கள். கோரைப்புல் விலகி, மான் வந்தது.

அத்தனை பெரிய கண், அத்தனை பெரிய காது. அது எங்களுக்கு மேலே எதையோ கேட்டபடி சுவரோரம் நடந்தது.

"ஏய், அது நாந்தான்டி!" என்று கத்திவிட்டாள் அக்கா.

"போக்கா, சும்மா அளக்காத" என்றாள் தருமபுரிப் பெண். "நீ மானா? கேன்டீன் க்யூவுல பன்னிக்குட்டி மாதிரி இடிச்சிக்கிட்டு வருவ. மானாமே!"

"நாந்தான்டிங்கேன்!"

"அப்ப நடந்து காட்டு."

பையைக் கீழே போட்டுவிட்டு அக்கா குனிந்தாள். உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினாள். மான் அந்தச் சுவரின் பாதி தூரத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழே இவள் சேர்ந்துகொண்டாள். அவள் கைபட்ட இடமெல்லாம் ஒளி மீன்கள் சிதறின. மேலே மலைபோல ஒன்று, கீழே குட்டிபோல ஒன்று. இரண்டும் ஒரே கணத்தில் தலையைத் தாழ்த்தின, ஒரே கணத்தில் நின்றன, இரண்டுக்கும் இடது பின்கால் ஒரே அளவுக்குத் தாமதித்தது. கூடம் முழுக்க விசிலடித்தது. சூப்பர்வைசர் தன் பெண்குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு செல்போனில் படமெடுத்தார். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் நான்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்கு முன்பு இருந்ததாக நினைவில்லை. அக்கா எழுந்து, முகமெல்லாம் சிரிப்போடு எங்களை நோக்கி வந்தாள். நிமிர்ந்து, இரண்டு காலில், பை இல்லாமல், யாரும் பக்கத்தில் இல்லாமல் வந்தாள். நடையை மூடிக்கொள்ள மறந்துவிட்டாள். நானும் கவனிக்கவில்லை. செல்போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சூப்பர்வைசர் பெருமையாகத்தான் அந்தப் படத்தை லைனின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து அது அலுவலகத்துக்குப் போனது. பாராட்டினார்கள். பிறகு மருத்துவ அறையில் யாரோ, கடைசி சில நொடிகளை இரண்டாம் முறை பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் கால்ல இன்னா?" என்று கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். ஆயுத பூஜைக்கு வந்த நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. தீபாவளிக்குப் பிறகு ஒப்பந்தக்காரர் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் ஒருநாள் இனிப்பு டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மாடி ஏறாமல் கீழேயே நின்றார். "இப்டி ஆவும்னு நெனச்சுப் போடலமா" என்றார். அக்கா படியில் இறங்கிப் போய் டப்பாவை வாங்கிக்கொண்டாள். "விடுங்க சார். படம் நல்லாத்தான் வந்திருந்துச்சு" என்று அவரைத் தேற்றி அனுப்பினாள். என்னிடமும் அவ்வளவுதான். ஏன் கூட்டிக்கொண்டு போனாய் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்கு ஏதாவது பதில் சொல்லவாவது கிடைத்திருக்கும்.

அவள் தண்டலத்தில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியின் சமையற்கட்டில் சேர்ந்தாள். இரண்டு ஆண்டு கழித்துத்தான் மகளை அழைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அதே விடுதிக்கு வார்டன். நான் ஸ்டுடியோவிலேயே இருந்தேன். எங்கள் கூடத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். நாரைகளையும் மீன்களையும் மறந்துவிட்டு, "நொண்டி மானு எப்ப வரும்?" என்றுதான் பிள்ளைகள் கேட்கும். அந்த ஒரு மானால் எங்களுக்குப் பெரிய ஊர்களில் வேலைகள் வந்தன; பழைய கொட்டகையை விட்டு நல்ல கட்டிடத்துக்குப் போனோம்; இயக்குநர் வேறு நாடுகளுக்குப் போக, இங்குள்ள கூடங்களின் பொறுப்பு படிப்படியாக என்னிடம் வந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தண்டலம் போய் அக்காவைப் பார்ப்பேன். பேசுவோம், சிரிப்போம். கூடத்தைப் பற்றி மட்டும் இருவரும் பேசமாட்டோம். அவள் மறுபடி அங்கே வரவே இல்லை.

இந்த வைகாசியில் கூடத்தின் பழைய ஒளிக்கருவிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்த முடிவானது. புதிய கருவிகள் ஒவ்வொரு மயிரையும் காட்டக்கூடியவை. அதனால் விலங்குகளையெல்லாம் மறுபடி உருவாக்க வேண்டும். அன்று யாரும் அக்காவிடம் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை, இன்றும் யாரும் கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் போன் செய்தேன்.

"அக்கா, மானைத் திரும்பச் செய்யப் போறோம். உங்களைக் கேக்காமச் செய்யக் கூடாதுன்னு தோணுச்சு."

"இம்புட்டு வருசமா கேக்காமத்தான வச்சிருந்தீக" என்று சிரித்தாள். பிறகு, "காலு?" என்றாள்.

"அப்படியேதான் இருக்கும். அதைப் பாக்கத்தானே எல்லாரும் வர்றாங்க."

"நேராக்க முடியுமாடி?"

"முடியும். ஆனா..."

"அப்ப நேராக்கு."

காரணத்தை அவளே சொன்னாள். மகள் கல்லூரியில் சேர்ந்ததும் வகுப்போடு எங்கள் கூடத்துக்கு வந்திருக்கிறாள். அது யாருடைய நடை என்று அவளுக்குத் தெரியாது. அக்கா சொன்னதே இல்லை. வீட்டுக்கு வந்து, "அம்மா, ஒரு நொண்டி மானு, அச்சு அசல் ஒன்ன மாதிரியே" என்று படத்தைக் காட்டிச் சிரித்திருக்கிறாள். "அவ வெவரந் தெரிஞ்சு எங்கிட்ட வந்தப்பவே நான் இப்பிடித்தான்டி. நான் நேரா நடந்தது எம்மகளுக்கு நெனப்பே இல்ல. அவளக் கூட்டியாந்து, இந்தா பாரு, இதுதான் நானுன்னு ஒரு தடவ காட்டணும். வேற எங்கடி போயிக் காட்ட?"

வெளிநாட்டிலிருந்த இயக்குநரிடம் சொன்னேன். "நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா அது செத்துடும்" என்றார். எனக்கும் அது தெரிந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்: அக்காவிடம் ஏதாவது தொழில்நுட்பச் சிக்கல் சொல்லிச் சமாளிக்கலாமா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன்.

பிறகு வேலையை ஆரம்பித்தோம். வலது காலின் அசைவை எடுத்து இடது காலுக்கும் கொடுத்தால் போதும் என்றார் எங்கள் இளம் பொறியாளர். செய்து பார்த்தால் மான் இரண்டு பக்கமும் அழுத்தி அழுத்தி, போலீஸ்காரர் கவாத்து பழகுவதுபோல் நடந்தது. அப்போதுதான் புரிந்தது, அந்த வலது காலும் பழைய வலது கால் அல்ல. இடது காலின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கப் பழகிய கால். நாங்கள் பதிவு செய்து வைத்திருந்ததில் அக்காவின் நேர்நடை எங்குமே இல்லை. புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அவளால் இனிக் குனிந்து ஊன்ற முடியாது. அவள் நேராக நடந்த காலத்தில் பக்கத்திலேயே இருந்தவள் ஒருத்திதான் என்று, அந்தக் கறுப்பு உடையை நானே போட்டுக்கொண்டேன்.

"எப்படி நடப்பாங்க மேடம்?" என்றார் பொறியாளர்.

வெள்ளம் வடிந்த கிழமை எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் நாங்கள் எந்த ஷிப்டில் இருந்தோம் என்று சொல்வேன். கார்த்திகையிலிருந்து ஆடிவரை தினமும் அவளோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்திருக்கிறேன். அந்த நடையில் ஒரு அடிகூட என்னிடம் இல்லை. கண்ணை மூடினால் தாமதிக்கும் கால்தான் வந்தது. நன்றாக நடந்த காலத்தில் அவள் நடையை நான் பார்க்கவே இல்லை. அடிபட்ட பிறகுதான் பார்க்க ஆரம்பித்தேன், பார்த்து ரசிக்கவும் செய்தேன். அன்று உடையைக் கழற்றிவிட்டு அக்காவுக்குப் போன் செய்து, வந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அங்கே வைத்துத்தான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்து, கட்டைகளை ஊன்றியிருந்த என்னை அதட்ட ஆரம்பித்தாள்.

"என்னடி இது, சோறு தின்னு நாலு நாளான மாதிரி? எடுத்து வையி. இடுப்ப ஆட்டாத, நான் அப்பிடியெல்லாம் ஆட்டமாட்டேன்."

"ஆட்டலக்கா."

"ஆட்டுற. வேகமா வையி. எனக்கு எப்பவும் பஸ்சு போயிரும்னு பயம். ஆங், குதிகால அழுத்தாத, மண்ணு சுடுறாப்புல வையி. ரெண்டையும் ஒண்ணாட்டம் வையி. போ, போ, நிக்காத."

என் முழங்கால்கள் எரிந்தன. தலையைத் தூக்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தரையைப் பார்த்தே சுற்றிவந்தேன். எத்தனை சுற்று என்று தெரியாது. ஒரு சுற்றில் திடீரென்று அதட்டல் நின்றது. கொஞ்சம் கழித்து, மகளிடம் மெல்லிய குரலில் அவள் சொல்வது கேட்டது: "அந்தா, அந்தா. இப்பிடித்தான்டி."

கூடத்தை ஆவணியில் மறுபடி திறந்தோம். கூட்டம் வருவதற்கு முன்பே அவர்களைத் தனியாக உள்ளே விடுகிறேன் என்றேன். அக்கா வேண்டாம் என்றாள். எல்லோரோடும் சேர்ந்துதான் வருவாளாம். வந்தாள். சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார, மகள் பக்கத்தில் நின்றாள். புதிய கருவிகளின் ஒளியில் ஒவ்வொரு நாரையின் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டி எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். கோரை விலகி மான் வந்தது. நான்கு கால்களும் அதனதன் முறையில் தரையைத் தொட, சுவரோரமாக விறுவிறுவென்று நடந்தது. இரண்டு பெண்கள் அதற்கு முதுகைக் காட்டிச் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மான் தன் தலைக்குமேல் போவது தெரியாமல் மீனைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

"நீ ரொம்ப வேகமாப் போற, அம்மா" என்றாள் மகள். மான் அடுத்த சுவருக்குத் திரும்பும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு குனிந்து அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள்.

அக்கா மானைப் பார்த்ததைவிடக் கூட்டத்தைப் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு முகமாக, நாங்கள் கேட்டைத் தாண்டிய நாட்களில் நான் பார்த்ததுபோல, பார்த்துக்கொண்டே வந்தாள். என் கையை இழுத்துத் தன் பக்கம் குனியவைத்தாள்.

"பாத்தியாடி, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல" என்றாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன, சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன். மான் இரண்டாம் சுவரைத் தாண்டி மூன்றாவதில் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் என் கண் அந்த இடது பின்காலுக்குப் போய், அது கொஞ்சம் தாமதிக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.